உயர்தர மாணவரின் ஆங்கில வாசிப்பைச் சோதிக்கும் முறை: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ விசுவமடுவிலோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் புதிய ஆசிரியர்களுக்கும், விடுமுறையில் ஊருக்கு வந்து தம்பி தங்கைமாருக்கு உதவ விரும்பும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கற்பிக்கத் தொடங்குவதற்கு முன்னர், அந்தப் பிள்ளை ஓர் ஆங்கிலப் பகுதியை வாசித்து எவ்வளவு விளங்கிக்கொள்கிறது, எந்த இடத்தில் விளக்கம் அறுந்துபோகிறது என்பதை எப்படிக் கண்டறிவது என்பதே இங்கே விடயம்.

தேவை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மூன்று பிரதான பாடங்களிலிருந்தே கணிக்கப்படுகிறது. பொது ஆங்கிலத்தின் பெறுபேறு அதில் சேர்வதில்லை. ஆகவே இரண்டு வருடமும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ரியூசனுக்கு ஓடும் பிள்ளை பொது ஆங்கிலப் புத்தகத்தை ஒதுக்கி வைக்கிறது. அதற்காகப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அனுமதி கிடைத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நகர் வளாகத்தில் உள்ள பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களுக்கோ, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கோ போனதும், பதின்மூன்று வருடம் தமிழில் படித்த அந்தப் பிள்ளையின் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் வந்துவிடுகிறது. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் நாளுக்கும் இடையில் கிடைக்கும் மாதங்கள் பெறுமதியானவை. அவற்றை எதில் செலவிடுவது என்பதைச் சோதனையே காட்டும்.

எதைச் சோதிக்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

நான் நடத்திய முதலாவது சோதனையில் ஒரு மாணவர் பன்னிரண்டு வினாக்களில் பதினொன்றுக்குச் சரியாக விடை எழுதியிருந்தார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்பதால் மகிழ்ந்துபோய், அவரை அழைத்து, அந்தப் பகுதி எதைப் பற்றியது என்று தமிழில் சொல்லும்படி கேட்டேன். ஒரு பாலத்தைப் பற்றியது என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாலம் ஏன் மூடப்பட்டது என்பது வினாக்களில் ஒன்று. வினாவில் இருந்த ‘குளோஸ்ட்’ என்ற சொல்லைப் பகுதியில் தேடிப் பிடித்து, அது வந்த வரியை முழுவதாகப் பார்த்து எழுதியிருந்தார். காரணமும் அதே வரியில் இருந்தபடியால் நான் புள்ளி போட்டுவிட்டேன். மற்றப் பத்து விடைகளும் அதே வழியில் வந்தவைதான். பிழை அவருடையதன்று, சொல்லைப் பொருத்தினாலே விடை கிடைக்கும்படி வினாக்களை அமைத்தவள் நான்.

அதே நாளில் நான்கு புள்ளி மட்டுமே பெற்ற ஒரு மாணவியிடம் தமிழில் கேட்டபோது, பாலத்தின் விரிசலை முதலில் கண்டவர்கள் யார், நகரசபை ஏன் தாமதித்தது, மூடியபின் மக்கள் எந்த வழியால் போனார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அவர் வாசித்து விளங்கியிருந்தார். விளங்கியதை ஆங்கிலத்தில் எழுதத்தான் வரவில்லை. வாசிப்புச் சோதனை என்று பெயர் வைத்து நான் சோதித்தது ஒருவரின் கண் கூர்மையையும் மற்றவரின் எழுத்தையும்.

அன்று முதல் நான் கைக்கொள்ளும் விதி இது: முதலாவது சோதனையில் வாசிப்புப் பகுதி ஆங்கிலத்தில் இருக்கட்டும், வினாக்களும் விடைகளும் தமிழில் இருக்கட்டும். பெற்றோரும் சில ஆசிரியர்களும் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆங்கிலச் சோதனையில் தமிழ் எதற்கு என்று கேட்பார்கள். விடையைத் தமிழில் வாங்கினால், பகுதியிலிருந்து வரியைப் பெயர்த்தெடுத்து ஒட்ட வழியில்லை. விளங்கிய பிள்ளை எழுதும், விளங்காத பிள்ளையின் தாள் வெறுமையாக இருக்கும் அல்லது வேறு கதை சொல்லும். இரண்டுமே உங்களுக்குப் பயன்படும். ஆங்கிலத்தில் விடை எழுதும் பயிற்சி வேண்டியதுதான். அதை எழுத்து வகுப்பில் தனியாகச் செய்யலாம்.

ஒரு கவனம் மட்டும் தேவை. வினாவைத் தமிழில் எழுதும்போது, பகுதியில் உள்ள கடினமான சொல்லின் பொருளை நீங்களே வினாவில் அவிழ்த்துவிடக்கூடாது. பகுதியில் ‘ட்ரௌட்’ என்று இருக்க, “வறட்சிக்குப் பின்னர் என்ன நடந்தது?” என்று கேட்டால் பாதி விடையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். “இரண்டாம் பந்தியில் கூறப்படும் நிலைமைக்குப் பின்னர் என்ன நடந்தது?” என்று கேளுங்கள்.

பிள்ளையை எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்வதும் வாசிப்புச் சோதனை ஆகாது. உச்சரிப்பு நன்றாக உள்ள பிள்ளை ஒன்றும் விளங்காமலே ஒரு பக்கத்தை அழகாக வாசித்து முடிக்கும்; எல்லாம் விளங்கிய பிள்ளை, பத்துப் பேர் முன்னால் நாக்குத் தடுமாறி வெட்கப்பட்டு, மறுநாள் வகுப்புக்கே வராமல் நின்றுவிடும். அப்படி நின்ற பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

வாசிப்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் சோதனைக்கு 300 முதல் 450 சொற்கள் வரை கொண்ட மூன்று பகுதிகள் போதும். ஒன்று செய்தியாகவோ சம்பவமாகவோ இருக்கட்டும். இரண்டாவது ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று விளக்குவதாக இருக்கட்டும். மூன்றாவது பல்கலைக்கழக முதலாம் வருடப் புத்தகத்தின் அறிமுக அத்தியாயத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பாடப்புத்தகத்திலும் கடந்தகால வினாத்தாள்களிலும் வந்த பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அவற்றை விடையோடு மனனம் செய்திருப்பார்கள். ஆங்கில நாளிதழ்களின் உட்பக்கக் கட்டுரைகளும், எளிய ஆங்கில விக்கிப்பீடியாவும், பீடத்தில் படிக்கும் அண்ணா அக்காமாரின் புத்தகங்களும் நல்ல ஊற்றுகள்.

பகுதி அளவுக்கு மீறிக் கடினமானதா என்பதை எப்படி அறிவது? நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் போல் நேஷன் முதலானோரின் ஆய்வுகளின்படி, அகராதியின் துணையில்லாமல் ஒரு பகுதியை நன்றாக விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 வீதம் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 400 சொல் கொண்ட பகுதியில் தெரியாத சொற்கள் எட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது இதன் பொருள். சோதனையில் சேராத இரண்டு மூன்று பிள்ளைகளிடம் பகுதியைக் கொடுத்து, தெரியாத சொற்களின் கீழ் கோடிடச் சொல்லுங்கள். முதலாவது பகுதியில் எட்டுப் பத்துக் கோடு, மூன்றாவதில் இருபது முப்பது கோடு என்று வந்தால் உங்கள் தேர்வு சரியாக ஏறிச் செல்கிறது. முதல் பகுதியிலேயே நாற்பது கோடு வந்தால் அதை மாற்றுங்கள்.

இன்னொரு வழி வெற்றிடம் நிரப்பல். 1953 இல் வில்சன் டெய்லர் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் நீக்கி, ஐம்பது வெற்றிடங்கள் வரும்வரை கொண்டுபோக வேண்டும். நீக்கிய அதே சொல்லை எழுதினால்தான் புள்ளி. 60 வீதத்துக்கு மேல் நிரப்பும் பிள்ளைக்கு அந்தப் பகுதி தனியே வாசிக்கக்கூடியது. 40 வீதத்துக்குக் கீழ் என்றால் ஆசிரியரின் உதவியோடும் அது கடினம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு பிற்பகலிலே தயாரித்துவிடக்கூடியது என்பதால் அவசரத்துக்கு நல்லது. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை இது காட்டாது. ஆகவே இதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

பொருளைத் தேர்வதில் வன்னிக்கு உரிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிள்ளைகளுக்குப் பழக்கமானது என்று நினைத்துக் குளம், வாய்க்கால், நெற்செய்கை பற்றிய பகுதியைக் கொடுப்போம். மழை பிந்தினால் கமக்காரர் என்ன செய்வார் என்று கேட்டால், இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை பகுதியை வாசிக்காமலே விடை எழுதிவிடும். பகுதி இல்லாமல் வினாத்தாளை மட்டும் இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சரியாக விடையளிக்கும் வினாக்களைத் தூக்கிவிடுங்கள். மறுபுறம், பனிச்சறுக்கு, சுரங்க ரயில் என்று கண்ணால் காணாத பொருளைக் கொடுத்தால், வாசிப்புத் திறனுள்ள பிள்ளையும் படம் மனதில் எழாமல் திணறும். தேனீ, கலங்கரை விளக்கம், உப்பளம், பறவைகளின் இடப்பெயர்ச்சி போன்றவை எனக்கு நன்றாகப் பொருந்தி வந்தன.

இரண்டாவது எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். போர், இடம்பெயர்வு, முகாம், காணாமலாக்கப்பட்டோர் பற்றிய பகுதிகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். இப்போது உயர்தரம் எழுதும் பிள்ளைகள் 2009 இல் சிறு குழந்தைகள். ஆனால் அவர்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது. மணிக்கூட்டைப் பார்த்து, புள்ளிக்காக அப்படி ஒரு பகுதியை வாசிக்கும்படி ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. அந்த வாசிப்புக்கு வேறு நேரமும் வேறு இடமும் உண்டு.

வினாக்களை அமைத்தல்

பகுதியில் வெளிப்படையாக உள்ள தகவலைக் கேட்கும் வினாக்கள் மூன்று நான்கு போதும். அவை பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கும். உங்களுக்குப் பெரிதாக ஒன்றையும் சொல்லமாட்டா. அடுத்து வரும் மூன்று வகைகளில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

முதலாவது, சுட்டுச் சொற்கள். ‘இற்’, ‘தே’, ‘திஸ்’, ‘விச்’ ஆகியவை எதைக் குறிக்கின்றன என்ற வினா. கமக்காரர் பறவைகளை விரட்டினார்கள், அதன்பின் பூச்சிகளுக்குப் பயமில்லாமல் போனது, ஒரே போகத்தில் ‘தே’ என்பதன் தொகை இரண்டு மடங்கானது என்று ஓர் ஆங்கில வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘அவர்கள்’ வேறு, ‘அவை’ வேறு. சொல்லே திணையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தின் ‘தே’ இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால், கமக்காரரா, பறவைகளா, பூச்சிகளா என்பதை முழுப் பொருளையும் பிடித்தே தீர்மானிக்க வேண்டும். இந்த ஒரு வினா, இலக்கணப் பயிற்சிகள் பத்துச் செய்தாலும் தெரியவராத ஒன்றைக் காட்டிவிடும்.

இரண்டாவது, இணைப்புச் சொற்கள். ‘ஓல்தோ’, ‘ஹவ்எவர்’, ‘அன்லெஸ்’ போன்றவற்றைப் பிள்ளைகள் தெரிந்த சொற்கள் என்றே நினைக்கிறார்கள், ஆகவே அவற்றின் கீழ் கோடிடுவதில்லை. ஆனால் விளக்கம் தலைகீழாவது அங்கேதான். ‘த கேற்ஸ் வில் நொட் பி ஓப்பன்ட் அன்லெஸ் த வோட்டர் றைஸஸ்’ என்ற வரியை, “தண்ணீர் உயர்ந்தால் கதவுகளைத் திறக்கமாட்டார்கள்” என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள். உள்ளதோ தண்ணீர் உயர்ந்தாலொழியத் திறக்கமாட்டார்கள் என்பது. ‘கேற்’ தெரியும், ‘வோட்டர்’ தெரியும், ‘றைஸ்’ தெரியும். இடையில் நின்ற சிறிய சொல் முழு வரியையும் கவிழ்த்துவிட்டது. ‘மே’, ‘மைற்’ போன்ற சொற்களும் இப்படித்தான். “காரணமாக இருக்கலாம்” என்று நூலாசிரியர் எழுதியதைப் பிள்ளை “காரணம்” என்று எடுத்துக்கொள்கிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

மூன்றாவது, நீண்ட வாக்கியங்கள். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது: வெள்ளத்தில் பயிரை இழந்த கமக்காரர். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி முழுவதும் ‘ஹூ’, ‘விச்’, ‘தற்’ என்று பெயருக்குப் பின்னால் தொங்கி, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் பத்துப் பதினைந்து சொற்களை நுழைத்துவிடுகிறது. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் பயனிலையைத் தேடிப் பழகிய கண் ஆங்கிலத்தில் அதை நடுவில் தவறவிட்டுவிடுகிறது. ஆகவே பகுதியில் உள்ள மிக நீண்ட இரண்டு வாக்கியங்களுக்கு இலக்கமிட்டு, “இந்த வாக்கியத்தில் யார், என்ன செய்தார்? நான்கு சொற்களுக்கு மேற்படாமல் தமிழில் எழுதுக” என்று கேளுங்கள். என்னிடம் உள்ள வினா வகைகளில் இதையே நான் அதிகம் நம்புகிறேன்.

இவற்றுக்கு மேலாக, பகுதி முழுவதற்கும் பொருத்தமான தலைப்பைத் தெரிவுசெய்யும்படி ஒரு வினாவும், எழுதியவரின் நிலைப்பாட்டை ஊகிக்கும்படி ஒரு வினாவும் சேர்க்கலாம். ஐஈஎல்ரிஎஸ் என்னும் ஆங்கிலத் தகுதிப் பரீட்சையில் வரும் ‘சரி, பிழை, சொல்லப்படவில்லை’ என்ற வகையையும் கட்டாயம் சேருங்கள். அந்தப் பிரதேசத்துக் கமக்காரரில் பெரும்பாலானோர் நீரிறைக்கும் இயந்திரம் பாவிக்கிறார்கள் என்று பகுதி கூறுகிறது என்க. “எல்லாக் கமக்காரரும் பாவிக்கிறார்கள்” என்பது பிழை. “இயந்திரத்துக்குச் செலவு அதிகம்” என்பது சொல்லப்படவில்லை. எண்ணெய் வாங்கித் தண்ணீர் இறைக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அதைச் சரி என்று எழுதிவிடும். வாழ்க்கையில் அது சரிதான், பகுதியில் இல்லை. ‘சொல்லப்படவில்லை’ என்று எழுதினால் தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமோ என அஞ்சுவதும் ஒரு காரணம். ஆகவே சோதனைக்கு முன்னர் ஒரு மாதிரி வினாவைக் கரும்பலகையில் செய்து காட்டி, அது மற்ற விடைகளைப் போல முழுமையான ஒரு விடை என்று விளக்கிவிடுங்கள்.

நான்கு தெரிவுகள் கொண்ட பல்தேர்வு வினா என்றால், இருபதில் ஐந்து கண்ணை மூடிக்கொண்டு கோடிட்டாலே சரியாக வரக்கூடும் என்பதை மறவாதீர்கள். பிழையான தெரிவுகளும் பகுதியில் வந்த சொற்களால் ஆனவையாகவும், நான்கும் ஏறக்குறைய ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும். அவசரத்தில் எழுதும்போது சரியான விடை எப்போதும் நீண்டுவிடுகிறது. பிள்ளைகள் அதை விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சோதனை நாள்

அரிவிவெட்டுக் காலத்தில் நாள் குறிக்காதீர்கள். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை மழையால் உள்வீதிகள் அறுபடும் என்பதையும், தூரத்துப் பிள்ளைகளின் பேருந்து நேரத்தையும் பாருங்கள். காலை எட்டு மணி நல்லது. தகரக் கூரையுள்ள மண்டபத்தில் பதினொரு மணிக்குப் பின்னர் யாராலும் கவனமாக வாசிக்க முடியாது. பகுதிகளைக் கைத்தொலைபேசியில் அனுப்பாமல் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்; ஓரத்தில் குறிப்பெழுத இடம் விடுங்கள். அகராதி முதல் சோதனையில் வேண்டாம்.

நேரத்தை அளப்பதில் நான் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு மணித்தியாலம் கொடுத்து எல்லோரையும் நீலப் பேனையால் எழுதச் சொல்கிறேன். நேரம் முடிந்ததும் தாளை வாங்குவதில்லை. நீலப் பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, இன்னும் அரை மணித்தியாலம் தொடரவும், விரும்பினால் பழைய விடைக்கு அருகில் புதிய விடையை எழுதவும் சொல்கிறேன். இதனால் ஒரே தாளில் இரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன: நேரத்துக்குள் பெற்றது ஒன்று, நேரமிருந்தால் பெறக்கூடியது மற்றொன்று. நீலத்தில் பத்தும் பென்சிலோடு பத்தொன்பதும் பெறும் பிள்ளைக்கு விளக்கத்தில் குறைவில்லை, வேகமே குறைவு. இரண்டிலும் பத்தே பெறும் பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு. நீலப் புள்ளியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஐஈஎல்ரிஎஸ் கல்விசார் வாசிப்புத் தாளில் மூன்று பகுதிகள், மொத்தம் 2150 முதல் 2750 வரை சொற்கள், 40 வினாக்கள், 60 நிமிடம். விடையைத் தாளுக்கு மாற்றி எழுத மேலதிக நேரம் கிடையாது. நிமிடத்துக்கு 100 சொல் வாசிக்கும் பிள்ளைக்கு ஒருமுறை வாசிப்பதற்கே 27 நிமிடம் போய்விடலாம். மிச்சம் 33 நிமிடத்தில் 40 வினாக்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 238 சொல் மௌனமாக வாசிக்கிறார்கள் என்று மார்க் பிரைஸ்பார்ட் 2019 இல் தொகுத்த ஆய்வு கூறுகிறது. நம் பிள்ளைகள் அந்த எண்ணை எட்ட வேண்டியதில்லை. 100 இலிருந்து 150 க்கு வந்தாலே தாளின் முகம் மாறிவிடும். வேகத்தை அளக்க, முதல் பகுதியை வாசித்து முடித்த கணத்தில் கரும்பலகையில் நீங்கள் எழுதிவரும் நிமிடத்தைப் பார்த்துத் தாளின் மூலையில் குறிக்கச் சொன்னால் போதும்.

திருத்துதல்

விடைத்தாளைப் பார்ப்பதற்கு முன்னரே, ஒவ்வொரு வினாவுக்கும் எந்தெந்த விடைகளை ஏற்பது என்பதை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எழுதினால், பிடித்த பிள்ளையின் விடை சரியாகத் தோன்றத் தொடங்கும். தமிழ் எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். இயலுமானால் இன்னொருவரும் தனியாகத் திருத்தட்டும்.

திருத்தி முடிந்ததும் கட்டக் கொப்பி ஒன்றில் பிள்ளைகளை நிரையாகவும் வினாக்களை நிரலாகவும் எழுதி, சரிக்கு 1, பிழைக்கு 0 என்று நிரப்புங்கள். முப்பது பேர் என்றால், மொத்தப் புள்ளியில் மேலே உள்ள எட்டுப் பேரையும் கீழே உள்ள எட்டுப் பேரையும் பிரித்து, ஒவ்வொரு வினாவையும் இரு குழுவிலும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று எண்ணுங்கள். மேல் எட்டில் ஏழு பேர், கீழ் எட்டில் இரண்டு பேர் என்றால் வித்தியாசம் ஐந்து. எட்டால் வகுத்தால் 0.6 க்குச் சற்று மேல். வல்லவரையும் பின்தங்கியவரையும் பிரித்துக் காட்டும் நல்ல வினா அது. 0.3 க்கு மேற்பட்டால் வைத்துக்கொள்ளலாம். பூச்சியத்துக்குக் கிட்டவோ அதற்குக் கீழோ வந்தால் வினாவிலேயே கோளாறு இருக்கிறது. உப்பளம் பற்றிய பகுதியில் “நீர் ஏன் இரண்டாவது பாத்திக்கு மாற்றப்படுகிறது?” என்று நான் கேட்ட வினாவைக் கெட்டிக்கார மாணவர் ஐந்து பேர் பிழையாகச் செய்திருந்தார்கள். திரும்ப வாசித்தபோது, பகுதி இரண்டு காரணங்களைச் சொல்வதையும், நான் ஒன்றை மட்டுமே விடையாக எழுதி வைத்திருந்ததையும் கண்டேன். அந்த ஐவருக்கும் புள்ளியைத் திருத்திக் கொடுத்து, காரணத்தையும் சொன்னேன்.

பெயரும் புள்ளியும் எழுதிய பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். தாளைக் கையில் கொடுங்கள்.

பிள்ளையோடு பத்து நிமிடம்

தாள் எங்கே பிழை என்று சொல்லும். ஏன் பிழை என்பதைப் பிள்ளைதான் சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொருவரையும் தனியே இருத்தி, பிழைத்த இரண்டு வரிகளை மட்டும் எடுத்து, என்ன நினைத்து அந்த விடையை எழுதியது என்று தமிழில் சொல்லவிடுங்கள். முன்னர் சொன்ன பூச்சி வரியைப் பற்றி ஒரு மாணவியோடு நடந்த உரையாடல் இது:

“பிள்ளை, இதிலை ‘தே’ எண்டு சொல்லுறது ஆரை?”

“பறவையளை, ரீச்சர்.”

“ஏன் பறவையள் எண்டு நினைச்சனீர்?”

“முதல் வரியிலை பறவையள்தானே வருது. ‘தே’ எண்டால் முதல் சொன்னதைத்தான் குறிக்கும் எண்டு படிச்சனான்.”

“சரி, பறவையளை விரட்டிப்போட்டினம். விரட்டின பறவை எப்பிடி இரண்டு மடங்காகும்?”

சிறிது நேரம் வரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பூச்சியள்” என்றார்.

அவருக்குச் சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன. எங்கோ கற்ற ஒரு குறுக்கு விதியே அவரை வழிதவறச் செய்தது. தாளில் இருந்த ஒரு பிழைக்குறியால் இதை ஒருபோதும் அறிந்திருக்க முடியாது. இந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் கற்பிக்கத் தொடங்கிவிடாமல் இருப்பது கடினம். ஆனாலும் பேசவிட்டுக் கேளுங்கள், கொப்பியில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

பெறுபேற்றை வைத்து வகுப்பைப் பிரித்தல்

நீலத்துக்கும் பென்சிலுக்கும் பெரிய இடைவெளி உள்ள பிள்ளைகளுக்கு, தெரியாத சொல் அரிதாகவே வரும் எளிய புத்தகங்களை நிறைய வாசிக்கக் கொடுங்கள். கடினமான பகுதியை நிறுத்தி நிறுத்தி வாசித்து வேகம் வருவதில்லை. சுட்டுச் சொல்லிலும் நீண்ட வாக்கியத்திலும் தவறியவர்களுக்கு, நாளுக்கு ஐந்து வாக்கியங்களை எடுத்து எழுவாயையும் பயனிலையையும் கண்டுபிடிக்கும் வேலை போதும். சொல்வளமே குறைவு என்று தெரிந்தால், எவெரில் கொக்ஸ்ஹெட் 2000 இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் ஒரு குடும்பம்) கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதால், அகராதியை முதலிலிருந்து புரட்டுவதைவிட அதில் தொடங்குவது இலாபம். ஆனால் பொதுவான இரண்டாயிரம் சொற்களே தெரியாத பிள்ளைக்கு அந்தப் பட்டியலைக் கொடுப்பது காலத்துக்கு முந்தியது.

வெளிநாடு செல்ல நினைக்கும் பிள்ளைகள் தமது நிலையை அறிய விரும்பினால், ஐஈஎல்ரிஎஸ் கல்விசார் வாசிப்பில் 40 க்கு 23 சரியானால் தரப்புள்ளி ஏறக்குறைய 6 என்றும், 30 சரியானால் ஏறக்குறைய 7 என்றும் சொல்லலாம். அதை அந்தப் பரீட்சைக்கென அமைந்த மாதிரித் தாளை முழு நேரத்தோடு செய்வித்த பின்னரே சொல்லுங்கள். நீங்கள் தயாரித்த தாளின் புள்ளியை அந்த அளவுகோலுக்கு மாற்ற முடியாது.

மறுசோதனை

எட்டு அல்லது பத்துக் கிழமைக்குப் பின்னர் மீண்டும் சோதியுங்கள். அதே தாளைக் கொடுத்தால் ஞாபகத்தையே சோதிப்பீர்கள். புதிய தாளைக் கொடுத்தால், புள்ளி கூடியது பிள்ளை முன்னேறியதாலா, தாள் இலேசானதாலா என்று தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. தொடக்கத்திலேயே ஒரே அளவும் ஒரே வகை வினாக்களும் கொண்ட இரண்டு தாள்களைத் தயாரித்து, முதல் நாளில் வகுப்பின் பாதிப் பேருக்கு ஒன்றையும் மறுபாதிக்கு மற்றதையும் கொடுங்கள். மறுசோதனையில் மாற்றிக் கொடுங்கள். ஒரு தாள் மற்றதைவிட இலேசாக இருந்தாலும், முழு வகுப்பின் சராசரியில் அந்த வேறுபாடு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

இரண்டாவது முறை வினாக்களை ஆங்கிலத்தில் கொடுக்கலாம். விடைகள் இன்னமும் தமிழில் இருக்கட்டும். மூன்றாவது முறையில் விடையையும் ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் வினாத்தாள்கள் அனைத்தையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். வரும் வருடத்துப் பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். ஒரு தாள் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனால் அந்தச் சோதனை முடிந்துபோயிற்று. நல்ல வினாக்களை, அவற்றின் 0.6, 0.4 என்ற எண்ணோடு தனித்தனி அட்டைகளில் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். என் பெட்டியில் இப்போது நூற்றுக்குச் சற்று மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன; எழுதிய வினாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றே அங்கே போய்ச் சேர்ந்தது.